தூண்டிலுக்குப் பாதிக் குளம்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கேட்டவர் கட்டுரைதான் கேட்டார்.

"ஏனுங், நம்ம குளத்துச் சங்கத்துக்கு ஆண்டு விழா மலர் போடறமுங். நீங்க ஒரு கட்டுரை குடுக்கோணும்" என்று சென்னியப்பன் சொன்னபோது நான் நதியாவின் கடையில் நின்று, வறுத்த ஜிலேபி மீனின் நடுமுள்ளை உருவிக்கொண்டிருந்தேன். வாய் நிறைய மீன் இருக்கும்போது யாராலும் எதையும் மறுக்க முடியாது. தலையை ஆட்டினேன். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'பல்வகை மீன்பிடிக் கருவிகளுக்கிடையே ஒதுக்கீட்டு மேலாண்மை: ஒரு முன்னோடிப் பார்வை'. தலைப்பே இவ்வளவு நீளம் என்றால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரிதான் என்று தெம்பாக வீட்டுக்கு வந்தேன்.

மனிதன் தோன்றிய நாள் முதலே மீன் பிடித்து

(நிறுத்திவிட்டேன். மனிதன் தோன்றிய நாளில் தொடங்குகிற கட்டுரை எங்கள் சாமளாபுரம் குளத்துக்கு வந்து சேர்வதற்குள் மலரில் பக்கம் தீர்ந்துவிடும்.)

அந்தி மயங்கும் வேளை. குளத்து நீர் பொன்னாய்த் தகதகக்க

(இதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒரு குளத்து நீர் பொன்னாய்த் தகதகத்தால் யாரும் கவிதை எழுத மாட்டார்கள். சாயக்கழிவு கலந்துவிட்டது என்று கலெக்டருக்கு மனு எழுதுவார்கள்.)

நமது குளத்தில் செவுள் வலை, வீச்சு வலை, தூண்டில் ஆகிய மூன்று கருவிகளுக்கும் அறிவியல் முறைப்படி மீன் ஒதுக்கீடு செய்யப்பட்டதில், தூண்டிலுக்குச் சரிபாதி

இங்கே பேனா நின்றது. ஒரு குளத்து மீனில் சரிபாதியைத் தூண்டிலுக்கு ஒதுக்கிய ஊர் உலகத்திலேயே வேறு இருக்குமா தெரியாது. அது எப்படி நடந்தது என்று சொல்லாமல் அடுத்த வாக்கியம் எழுத முடியாது. சொன்னால் அது கட்டுரையாக இருக்காது.

ஆகவே கதை.

2

நதியா ஒரு எளிய

(அடித்துவிட்டேன். கதைகளில் வருகிற எளிய பெண்கள் கடைசியில் கண்ணீர் விட்டாக வேண்டும். நதியாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, அடுப்பில் எண்ணெய் காய்கிறது.)

நதியா, சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்ஷனில் இருக்கிறாள். கணவன் முனீஸ் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். இருவரும் தாமிரபரணிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான கையோடு பஸ் ஏறித் திருப்பூர் வந்தபோது முனீஸ் தன் சாமான்களோடு ஒரு வீச்சு வலையையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தான். "பனியன் கம்பெனியில என்னத்த மீன் பிடிக்கப் போறிய?" என்று அவள் வழியெல்லாம் கேலி பேசினாள். வந்த இடத்தில் குளம் இருந்தது.

வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு வேலை, அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடிப்பது. நூல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண் பூத்துப் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதை வேறு. முனீஸ் காலையில் வலை வீசிக் கொண்டுவரும் ஜிலேபியையும் கெண்டையையும் குளத்துக் கரையிலேயே கழுவி, மசாலா தடவி, பெரிய இரும்புச் சட்டியில் வறுத்துத் தருவாள். அவள் கையால் செய்ததை நாலு பேர் குறை சொல்லாமல் தின்பதைப் பார்க்கிற ஒரே நாள் அது. அந்தக் கடை போனால் அவளுக்கு ஞாயிறும் திங்கள்தான். இந்தக் கதையில் பணயம் வைக்கப்படுவது அந்த இரும்புச் சட்டி. வேறு பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் இன்னொரு வியாபாரமும் உண்டு. அது பலகையில் எழுதாத வியாபாரம்.

குளத்துக்கு ஞாயிறுதோறும் தூண்டிலோடு ஒரு கூட்டம் வரும். கட்டிங் மாஸ்டர்கள், சூப்பர்வைசர்கள், மெர்ச்சண்டைசர்கள். தலைவர் டேனியல், சென்னியப்பன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டர். சர்ச் முடிந்து நேராகக் குளத்துக்கு வருவார். மடக்கு நாற்காலி, குளிர்க்கண்ணாடி, ஆன்லைனில் வாங்கிய சுருள் தூண்டில், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை. எல்லாம் இருக்கும். மீன் மட்டும் இருக்காது. மத்தியானம் வரை தண்ணீரைப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு நதியாவிடம் வருவார்.

"கண்ணு, கொஞ்சம் கைக்கு அடக்கமா ஒண்ணு..."

கம்பெனியில் அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிறவள் கரையில் 'அண்ணாச்சி' என்பாள். "பச்சையாவே தாரேன் அண்ணாச்சி. ஊட்டம்மா கேட்டா நீங்க பிடிச்சதுன்னே சொல்லுங்க."

ஆனால் டேனியலின் மனைவி தமிழ்மதி லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தடவை மீனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தூண்டில்ல மாட்டுன மீனுக்கு வாயில காயமே இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து நதியா ஒரு பழைய முள்ளால் மீனின் உதட்டில் ஒரு குத்துக் குத்தியே கொடுத்தாள். கம்பெனியில் இதற்கு ஃபினிஷிங் என்று பெயர். பிறகு செவுள் வழியாகக் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒரு கீற்றைக் கோத்து, தூக்கிப் பிடிக்க வாகாக முடிச்சுப் போட்டுத் தருவாள். போன வருஷம் கம்பெனியில் ஒரு ரோஸ் கலர் ஆர்டர் ஓடியது. குளத்தில் மீன் இருந்தவரை அந்த ரோஸ் கீற்றுதான்.

டேனியல் மீனைத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாருக்கும் உதட்டில் குத்து, ரோஸ் கீற்று, போட்டோ. எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள், மீனைத் தவிர.

3

இனி சென்னியப்பன். இவரைக் கொஞ்சம் நல்லவராகவே காட்ட வேண்டியிருக்கிறது. மலர் அவருடையது.

போன வருஷம் வரை குளத்தை யாராவது ஏலம் எடுப்பார்கள். எடுத்தவர் போட்ட காசைப் பார்க்கச் செவுள் வலையைக் குறுக்கும் நெடுக்கும் கட்டுவார். பொங்கலுக்குள் குளம் காலி. அதற்குப் பிறகு முனீஸ் வலை வீசினால் பாசிதான் வரும். கோடை முழுக்க நதியாவின் சட்டி கவிழ்ந்து கிடக்கும். இந்த வருஷம் சென்னியப்பன் முன்னின்று சங்கம் ஆரம்பித்து, குளத்தை எடுத்து, மீன்குஞ்சு விட்டு, "அளவாப் புடிச்சா வருசம் பூராப் புடிக்கலாமுங்" என்றார். உண்மையிலேயே நல்ல காரியம். நதியாதான் முதலில் கை தட்டினாள்.

யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போதுதான் சிக்கல் வந்தது. அதற்குக் காரணம் ஒரு சொல்.

கோட்டா.

இளைய வாசகர்களுக்காக: இரண்டாயிரத்து நாலு வரை திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்கு எத்தனை பனியன் போகலாம் என்பதற்கு அளவு இருந்தது. அதுதான் கோட்டா. முன்பு அனுப்பிய கணக்கைக் காட்டினால் புதிதாகக் கிடைக்கும். கையில் கோட்டா இருந்தவர் ராஜா. மெஷினே இல்லாதவர்கூட அதைக் கைமாற்றிவிட்டு ஜம்மென்று இருந்ததாகச் சொல்வார்கள். கோட்டா போனதிலிருந்து சென்னியப்பன் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது என்று அவரோடு பழகியவர்கள் சொல்கிறார்கள். இருபது வருஷம் கழித்து அந்தச் சொல் மீன் வடிவில் திரும்பி வந்தது.

கூட்டம் அவர் கம்பெனி சாம்பிள் ரூமில் நடந்தது. பனியன் வாங்க வருகிற வெளிநாட்டு பையருக்குப் படம் காட்டுகிற திரை, புரொஜெக்டர், ஏசி, ஆளுக்கொரு தண்ணி பாட்டில்.

"கோட்டான்னா என்னன்னு திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்" என்று ஆரம்பித்தார். "அவிகவிக கருவியப் பத்தி அவிகவிக பேசுங்க."

ஆத்தப்பன் எழுந்தார். பரிசலில் போய்ச் செவுள் வலை கட்டுகிறவர், உள்ளூர்க்காரர், சென்னியப்பனிடம் சம்பளம் வாங்காத ஒரே உறுப்பினர் என்பதால் குரல் எப்போதும் ஒரு படி தூக்கலாக இருக்கும்.

"என்ற வலையில கண்ணு பெருசுங்க. குஞ்செல்லாம் பூந்து போயிரும். இந்த வீச்சு வலை இருக்குதே, பந்தியில முந்தி உக்காந்தவனாட்டம். பெருசு சிறுசு பாக்காம வாரிப்புடும்."

முனீஸுக்குப் பொறுக்கவில்லை. "எங்க வலையில குஞ்சு விழுந்தா உசுரோட திருப்பி விட்டுருதோம். ஒம்ம வலையில விழுந்தது விடியுமுன்ன செத்துல்லா கெடக்கு! அதுக்குக் கண்ணு பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன?"

"அதென்னப்பா ஒம்ம? மரியாதையாப் பேசு."

"எங்கூர்ல அதுதாங்க மரியாதை!"

(உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரி. பெரிய கண் வலை சின்ன மீனை விட்டுவிடும், மாட்டியதைக் கொன்றுவிடும். வீச்சு வலை எல்லாவற்றையும் அள்ளும், ஆனால் வேண்டாததைத் திருப்பி விடலாம். நான் எழுத வேண்டிய கட்டுரை இதுதான். இரண்டு வரியில் முடிந்துவிட்டது.)

கடைசியாக டேனியல். "தூண்டில்ல ஒவ்வொண்ணாத்தானுங்க புடிக்க முடியும். இயற்கைக்கு ரொம்ப மரியாதையான முறைங்க."

(இயற்கை இதுவரை கவனிக்காத அளவுக்கு மரியாதை.)

சென்னியப்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு பழைய காலத்து மிடுக்கோடு சாய்ந்து உட்கார்ந்தார். "சரிங்க. பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்ன? முன்னாடி எவ்வளவு புடிச்சிருக்கறீங்களோ அந்தக் கணக்குலதான் இனிமே. கோட்டாவுக்கு அதுதானுங் மொறை. ஆதாரம் காட்டுங்க."

ஆத்தப்பன் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பல்லடத்து வியாபாரி கொடுத்த துண்டுச் சீட்டுகளை எடுத்து மேஜையில் கொட்டினார். மீன் வாசனை ஏசியில் கலந்தது.

முனீஸ் விழித்தான். "பிடிச்ச மேனிக்கு வறுத்துருதோம். தின்னவங்க வயித்துலதாங்க ஆதாரம் இருக்கு."

டேனியல் எழுந்தார். போனைப் புரொஜெக்டரில் மாட்டினார்.

திரையில் டேனியல், கையில் கட்லா. அடுத்து ஒரு சூப்பர்வைசர், கையில் விரால். அடுத்து வாய் கிழியச் சிரித்தபடி நிற்கும் மெர்ச்சண்டைசர், கையில் ஜிலேபி. படம் படமாக மீன் வந்துகொண்டே இருந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நதியாவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது: எல்லாம் அவள் விற்ற மீன். அந்த வாலறுந்த கட்லாகூட நினைவிருந்தது. மூன்றாவது படத்தில்தான் விஷயம் உறைத்தது. முனீஸ் பிடித்த மீனெல்லாம் தூண்டில் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

எழுந்து சொல்லிவிடலாம் என்று புடவையைச் சரிசெய்தாள். அப்போது சென்னியப்பன் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. அந்தப் படத்தக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

மீனின் செவுளில் ரோஸ் கீற்று. திரை முழுக்க.

சென்னியப்பன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். நாற்பது வருஷமாகத் துணியைத் தொட்டுப் பார்த்துப் பிழைத்தவர். கண்ணை இடுக்கினார். "இதுக்கு முந்தின படம்... அதுக்கும் முந்தினது... ஏனுங் மாஸ்டரு, எல்லாத் துணியும் ஒண்ணாச் சாயம் போட்ட ஒரே லாட்டா இருக்குதே?"

ஏசியிலும் டேனியலுக்கு வேர்த்தது. இத்தனை பேர், இத்தனை மீன், முடிச்சுப் போட்டது ஒரே கை என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

"பாத்தீங்களா!" என்று சென்னியப்பன் சபையைப் பார்த்துத் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது. "தண்ணியில ஊறி, வெயில்ல காஞ்சு, ஒரு வருசமாச்சு. ஷேடு எள்ளளவு மாறல! இதுதானுங் நம்ம கம்பெனி டையிங்கு!"

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த சந்தோஷத்திலேயே ஒதுக்கீடும் முடிந்தது: தூண்டிலுக்குப் பாதி, மீதியில் பெரும்பங்கு செவுள் வலைக்கு, தொட்டுக்கொள்ள வீச்சு வலைக்கு.

4

நதியா ஏன் அப்போதே சொல்லவில்லை?

இந்த இடத்தில் அவளை ஒரு வீராங்கனையாக்கி, சாம்பிள் ரூமில் எழுந்து நிற்க வைத்து, ஒரு பக்கத்துக்குப் பேச வைத்து எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவள் சொன்ன காரணங்களைக் கேட்டபின் கிழித்துப் போட்டேன்.

ஒன்று, டேனியல் மாஸ்டர். திங்கட்கிழமை அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும். இரண்டு, தூண்டில்காரர்கள் அத்தனை பேரும் அவள் கடை வாடிக்கையாளர்கள். அவர்கள் வீடுகளில் அத்தனை மனைவிமார். மூன்றாவதுதான் சரியான காரணம்: போட்டோ பொய் என்று ஆகிவிட்டால் ஆதாரம் மிஞ்சுவது ஆத்தப்பனிடம் மட்டும். குளம் முழுக்கச் செவுள் வலைக்குப் போகும். மறுபடியும் பொங்கலுக்குள் காலி.

ஆகவே அவள் வாயை மூடிக்கொண்டு என்ன நடக்கிறது என்று பார்த்தாள்.

நடந்தது இது. கரையில் சங்கத்தின் தராசு வந்தது. முனீஸ் நாலு வீச்சு வீசுவான். வாரப் பங்கு முடிந்துவிடும். வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவான். நதியாவின் சட்டியில் காலைப் பொழுதுக்குக்கூட மீன் காணாது. ஆத்தப்பன் தன் பங்கைப் பிடித்துப் பல்லடத்து வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டு போவார். பாதிக் குளத்தின் சொந்தக்காரர்களான தூண்டில்காரர்கள் மடக்கு நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார்கள். தராசுக்காரன் அவர்கள் பக்கம் போவதை ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டான்.

மீன்கள் பெருத்தன. சும்மா இல்லை, துள்ளி விழுந்தால் சத்தம் கேட்கிற அளவுக்குப் பெருத்தன. "பாத்தீங்களா, விஞ்ஞான முறை!" என்று சென்னியப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதில் தவறில்லை என்பதுதான் வேடிக்கை. மீன்வளம் பெருக ஆகச் சிறந்த வழி, பிடிக்கத் தெரியாதவர்களுக்கு ஒதுக்கிவிடுவது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மலரில் கட்டம் கட்டிப் போடச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

5

டேனியல் வந்தது மூன்றாவதோ நாலாவதோ ஞாயிற்றுக்கிழமை. குளிர்க்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். அப்போதே நிலைமை மோசம் என்று நதியாவுக்குப் புரிந்தது.

"கண்ணு, ஒண்ணு..."

"இல்லையே அண்ணாச்சி. எங்க பங்கு தீந்துட்டு. பாதிக் குளம் ஒங்க கிட்டல்லா இருக்கு, நான் ஒங்க கிட்ட வாங்கலாம்னு நெனச்சேன்."

"குத்திக் காட்டாத சாமி. மூணு வாரமா வெறுங்கையோட ஊட்டுக்குப் போறன். நேத்து ஊட்டுக்காரி சொல்லிப்போட்டா. 'மீனும் வாரதில்ல, அங்க என்னதான் பண்றீங்க? அடுத்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கெளம எங்கண்ணன் தோட்டத்துக்குப் போயித் தேங்கா பொறுக்குங்க'ங்கறா."

"ஆத்தப்பண்ணாச்சி கிட்ட வாங்கலாம்லா?"

"அந்த மனுசங்கிட்டயா? ஒரு மீனு வாங்குனா மைக் செட்டுக் கட்டி ஊருக்குச் சொல்லிப்போடுவாரு."

முனீஸ் சிரிப்பை அடக்க வலையை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பார்த்தான்.

டேனியல் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். உங்க ஊட்டுக்காரரு வலையில புடிக்கட்டும். எங்க கணக்குல எடை போட்டுக்கலாம். எங்க கோட்டா சும்மாதான கெடக்குது? உனக்கும் மீனு, எனக்கும் மீனு."

நதியாவின் சட்டி காலியாக இருந்தது. கரையில் நாலைந்து பேர் தட்டோடு காத்திருந்தார்கள். வேறு யாராவது என்றால் சரி என்று சொல்லியிருப்பார்கள். நதியா ஆறு நாள் செக்கிங் டேபிளில் நிற்கிறவள். துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் பழக்கம். திருப்பிப் பார்த்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்க மீனு ஒங்க கணக்குல ஏறுனா அடுத்த வருசம் முக்கால் குளம் ஒங்களுக்குல்லா போவும்? அதுக்கு அடுத்த வருசம் மொத்தமும். அப்பொறம் நாங்க மீன் பிடிக்க ஒங்க கிட்ட லீவு லெட்டர் குடுக்கணும்."

"அப்ப என்னதான் சொல்ற?"

"ஆண்டு விழா வருதுல்லா? பொதுக்குழுவுல எந்திரிச்சு, 'வீச்சு வலைக்காரங்க பாவம், எங்க பங்குல பாதிய விட்டுக் குடுக்கோம்'னு சொல்லுங்க. சங்கத்துல தீர்மானமாப் போட்டுருவாவ."

டேனியல் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "நானு? மேடையில? எங்காளுக சும்மா உடுவாங்களா?"

"அவங்க ஊட்டுலயும் மீன் கேட்டுட்டுத்தானே இருக்காவ?"

டேனியல் கையிலிருந்த குளிர்க்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தியாகம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் நதியா, மெதுவாக, மசாலாவைத் தடவுகிற பதத்தில். "'இயற்கைக்காகத் தூண்டில்காரர் தியாகம்.' முதலாளி பொன்னாடை போடுவாரு. மலர்ல போட்டோ வரும். ஊட்டம்மாவ முன் வரிசையில உக்கார வையுங்க."

டேனியல் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். அவருக்கு அது நன்றாகப் பழகிய வேலை. பிறகு, "பொன்னாடை... ஜரிகை வெச்சதா இருக்குமா?" என்று கேட்டார்.

முடிந்தது.

"ஆனா பாதியில பாதிதான் கேக்கியா? மொத்தமாக் கேட்டா என்ன?" என்று முனீஸ் குறுக்கே புகுந்தான்.

"சும்மா இருங்க" என்றாள். "எல்லாத்தையும் நாம பிடிச்சா நாமளும் ஏலக்காரந்தான். மீதி அண்ணாச்சி கிட்டயே இருக்கட்டும். அவுக கிட்ட இருந்தா மீனுக்குப் பத்திரம்."

அதுவரை தனக்காக ஒதுக்கி வைத்திருந்த ஒரே ஒரு ஜிலேபியை எடுத்து, உதட்டில் ஒரு குத்துக் குத்தி, கீற்றில் கோத்து டேனியலிடம் கொடுத்தாள். முன்பணம் மாதிரி. இந்தத் தடவை கீற்று பச்சைக் கலர்.

6

கதை இங்கே வந்து நின்றதும் எனக்கு ஒரு பயம் வந்தது. உங்களுக்கு முன்பே வந்திருக்கலாம். இந்தக் கதை அச்சாகப் போவது அதே ஆண்டு விழா மலரில்.

எழுதிய வரைக்கும் எடுத்துக்கொண்டு நதியாவிடம் போனேன். வறுத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் இரண்டு திருத்தம் சொன்னாள். முதலாவது, "எனக்குக் கம்பெனி யூனிஃபார்ம் இல்லாம ஒரு நல்ல சேலையாக் கட்டிவிட்டிருக்கலாம்லா." (மேலே கூட்டத்தில் புடவையைச் சரிசெய்தாள் என்று வருகிறதே, அது அவள் சொன்ன பிறகு சேர்த்தது.) இரண்டாவதை நான் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

பிறகு சட்டுவத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத எல்லாரும் படிச்சா அண்ணாச்சி எப்பிடி மேடை ஏறுவாவ? என் கடை என்னத்துக்காவும்? எழுதுறதுக்கு ஒங்களுக்கு வேற கதையே கெடைக்கலையா?"

நியாயமான கேள்வி. நான் மூன்று முடிவுகளை எழுதிக் காட்டினேன்.

முதல் முடிவில் உண்மை வெளிவந்து, எல்லாரும் வெட்கப்பட்டு, ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். "இது எந்த ஊர்ல நடக்கும்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதில் டேனியலின் தூண்டிலில் உண்மையாகவே ஒரு பெரிய கட்லா மாட்டுகிறது. முனீஸ் சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சட்டி தப்பியது பெரிய காரியம்.

மூன்றாவதில் குளத்தை மடத்துக்குளம் பக்கம் நகர்த்தி, எல்லாருடைய பெயரையும் மாற்றி, சென்னியப்பனை ரிட்டயர்டு தாசில்தார் ஆக்கியிருந்தேன். "ரோஸ் துணி?" என்றாள். தாசில்தாருக்கு லாட்டும் ஷேடும் எப்படித் தெரியும்? கதையே உதிர்ந்துவிட்டது.

கடைசியில் வழியைக் காட்டியது தமிழ்மதிதான். மீன் வாங்க வந்திருந்தார். (ஆமாம், கணவருக்குத் தெரியாமல், நேராகக் கடைக்கு. "அவரு புடிக்கறதுக்குக் காத்துட்டிருந்தா ஊட்டுல சோறு வேகாதுங்க." நதியா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். இதை அந்த அம்மாளுக்கு எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.) என் கையிலிருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "மலருக்குங்களா? போன வருசம் எங்க சர்ச்சு மலர்ல எங்க ஊட்டுக்காரரு நாலு பக்கம் எழுதுனாருங்க. அவரு போட்டோ வந்த பக்கத்தத் தவுர ஒருத்தரும் பொரட்டலீங்க. நாங்கூடத்தான்" என்றார்.

நதியாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விழா மலரில் போட்டோ வந்த பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். மிச்சம் விசிறிக்கொள்ள. ஒரு ரகசியத்தை வைக்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது.

"அப்பச் சரி" என்றாள் நதியா. "படத்தோட போட்டுராதிய. தலைப்பும் அந்த நீளத் தலைப்பையே வச்சுக்கிடுங்க. ஒரு பய தொடமாட்டான்."

(அந்த ஒன்றில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. எழுதுகிறவனுக்கும் ஒரு பொன்னாடை ஆசை இருக்காதா.)

7

ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இவ்வளவு தூரம்.

யார் நீங்கள் என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் நடு வரிசையில் உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்காத எரிச்சலில் மலரைப் புரட்டியவராக இருக்கலாம். தூண்டில்காரர் ஒருவரின் மனைவியாக இருக்கலாம். ஆத்தப்பனாகக்கூட இருக்கலாம்; அப்படியானால் வணக்கமுங், உங்கள் வலையைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மை, கோபிக்க வேண்டாம்.

தலையை நிமிர்த்திப் பாருங்கள். வரவேற்புரை முடிந்திருக்கும். சென்னியப்பன் ஒரு வருஷத்தில் மீன் பெருத்த கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்திருப்பார். இப்போது டேனியல் மாஸ்டர் எழுந்து மைக்கைத் தட்டிப் பார்க்கிறார். கையில் ஒரு தாள். அதை நதியா முன்னால் மூன்று தடவை படித்துப் பழகியிருக்கிறார். மேஜையில் தட்டு. தட்டில் பொன்னாடை. ஜரிகை வைத்ததுதான். முன் வரிசையில் தமிழ்மதி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

"இயற்கைக்காக" என்று அவர் ஆரம்பிக்கிறார்.

உங்களுக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. பொதுக்குழுவில் யாரும் கேட்கலாம். 'ஏனுங் மாஸ்டரு, அந்த மீனெல்லாம் நீங்க புடிச்சதுங்களா?' அவ்வளவுதான், ஒரே வரி. உண்மை ஜெயிக்கும். பொங்கலுக்குள் குளம் காலியாகும்.

அல்லது மலரை மூடி மடியில் வைத்துவிட்டு, கை தட்ட வாகாக இரண்டு கையையும் காலி செய்து வைத்துக்கொள்ளலாம்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் விழாவுக்கென்று அடுப்பு மூட்டியிருக்கிறது. நதியா நல்ல சேலைதான் கட்டியிருக்கிறாள். முனீஸ் வலையைத் தோளில் போட்டபடி வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறான். சட்டியில் எண்ணெய் காய்ந்துவிட்டது. மசாலா தடவிய மீன் தட்டில் வரிசையாக இருக்கிறது. அவள் இன்னும் ஒன்றையும் உள்ளே போடவில்லை. சட்டுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மண்டபத்திலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.